காதுக்கும் ஒரு கேள்வி வையுங்கள்

தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சிகளுக்குக் கேள்வி எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். நிகழ்ச்சியை நடத்துபவரை ஊருக்கே தெரியும். கேள்வியை எழுதுகிற உங்களை யாருக்கும் தெரியாது. கடைசியில் பெயர்கள் ஓடுகிற வேகத்தில் உங்கள் பெயரைப் படிக்கவும் முடிவதில்லை. தனித்தனியாக எழுத முகவரி இல்லாததால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என ஏழு வகுப்பும் ஒரே கட்டடத்தில் நடக்கும். ஒரு அறையில் சரளி வரிசை ஓடும்போது அடுத்த அறையில் தவில் சொல் கேட்கும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது செவிலியர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பாட்டை விடாமல் வைத்திருப்பவள். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடி ரூபாய்ப் போட்டி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. தொலைபேசியில் உதவி கேட்கும் வாய்ப்புக்கு என் எண்ணைக் கொடுத்திருந்தாள். இசைக் கேள்வி வந்தால் டீச்சர் இருக்கிறார் என்ற தைரியம்.

அன்று மதியமே நிலையத்திலிருந்து கூப்பிட்டு, போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். சாயங்காலம் மணி அடித்தது. நடத்துபவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளிடம் கொடுத்தார். முப்பது விநாடி. கடிகாரத்தின் டிக் டிக் எனக்கே கேட்டது. அவள் மூச்சுவிடாமல் படித்தாள்: "டீச்சர், மோகனத்தோட தாய் ராகம் எது? ஏ கல்யாணி, பி தோடி, சி ஹரிகாம்போஜி, டி கரகரப்ரியா."

"கல்யாணியும் இருக்கா?" என்றேன்.

"ஆமா டீச்சர், அதான்."

"ஹரிகாம்போஜின்னுதான் சொல்லுவாங்க. ஆனா கல்யாணியும்..." என்று நான் ஆரம்பித்தபோது இணைப்பு அறுந்தது.

அவள் பதில் சொல்லவில்லை. அதுவரை ஜெயித்த தொகையோடு எழுந்துவிட்டாள். திரையில் ஹரிகாம்போஜி பச்சையாயிற்று. பன்னிரண்டு வயதில் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மோகனத்தில் "வரவீணா" கீதம் பாடியவள் அவள். பின்னால் "நின்னுகோரி" வர்ணத்தை மூன்று காலத்திலும் பாடியவள். மோகனம் அவளுக்குத் தெரியாத ராகமில்லை.

அவள் ஏன் தயங்கினாள், நான் ஏன் தயங்கினேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். மோகனத்தில் ஐந்தே ஸ்வரம்: ச ரி க ப த. மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. அந்த இரண்டு காலி இடத்தையும் நிரப்பினால் மேளம், அதாவது ஏழு ஸ்வரமும் உள்ள மேளகர்த்தா என்ற தாய் ராகம், வந்துவிடும். மத்திமம் இரண்டு வகை. இந்தத் தைவதத்துக்கு (த) பிறகு வரக்கூடிய நிஷாதமும் இரண்டு வகை. சுத்த மத்திமமும் கைசிகி நிஷாதமும் போட்டால் 28-ஆவது மேளம், ஹரிகாம்போஜி. நிஷாதத்தைக் காகலியாக்கினால் 29, சங்கராபரணம். பிரதி மத்திமமும் கைசிகியும் என்றால் 64, வாசஸ்பதி. பிரதி மத்திமத்தோடு காகலி வந்தால் 65, கல்யாணி. ஆக நான்கு மேளத்துக்குள்ளும் மோகனம் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. இன்றைய பாடப்புத்தகம் ஹரிகாம்போஜி என்று சொல்கிறது, நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் கல்யாணியின் கீழ் வைத்துச் சொல்லும் மரபும் உண்டு. ஹிந்தோளமும் இதே மாதிரிதான். ரிஷபமும் பஞ்சமமும் இல்லாததால் தோடிக்குள்ளும் அடங்கும், நடபைரவிக்குள்ளும் அடங்கும்.

நான்கு விடைகளில் கல்யாணியை விட்டுவிட்டு, மோகனம் அடங்காத வேறு எதைப் போட்டிருந்தாலும் அந்தக் கேள்வி பழுதில்லாத கேள்வி. கல்யாணியைப் போட்டதால், கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்தவர் ஒரு நொடியில் பொத்தானை அழுத்துவார். ராகத்தை உள்ளே இறங்கிப் பார்த்தவர் தயங்குவார். தெரிந்தவருக்குத்தான் அது பொறி. எனக்கு வலித்தது இதுதான், பணம் போனதல்ல.

அந்த நாளிலிருந்து உங்கள் நிகழ்ச்சிகளில் வரும் இசைக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒரே வகைதான் திரும்பத் திரும்ப வருகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்குப் பாரத ரத்னா கிடைத்த ஆண்டு எது? 1998. தியாகராஜர் எந்த ஊரில் பிறந்தார்? திருவாரூர். மேளகர்த்தா எத்தனை? 72. ராஜரத்தினம் பிள்ளை வாசித்த கருவி எது? நாதஸ்வரம். இவை தப்பான கேள்விகள் இல்லை. ஆனால் ஒரு பாட்டைக்கூட வாழ்நாளில் கேட்காத ஒருவர் இவை எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடலாம். கிரிக்கெட் கேள்வி கேட்கும்போது ஆட்டத்தின் காட்சியைப் போட்டுக் காட்டுகிறீர்கள். சினிமாக் கேள்விக்குப் பாட்டையே ஒலிக்க விடுகிறீர்கள். கர்நாடக இசை என்றால் மட்டும் சத்தமே இல்லாமல் நான்கு பெயர்கள் திரையில் வந்து நிற்கின்றன.

சத்தத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வகுப்பிலிருந்தே ஒன்று சொல்கிறேன். மேளகர்த்தா பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே அதன் எண் ஒளிந்திருக்கும். எழுத்துக்கு ஓர் எண் என்று வைக்கும் இந்த முறையைக் கடபயாதி என்பார்கள். மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று. ஐம்பத்தொன்றைத் திருப்பினால் 15. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போடுவார்கள். ஒருநாள் ஒரு பையன் கரகரப்ரியாவுக்கு 21 என்று எழுதிக்கொண்டு வந்தான். கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தான். 'க' ஒன்று, 'ர' இரண்டு, பன்னிரண்டு, திருப்பினால் 21. ஆனால் 21 கீரவாணி. கரகரப்ரியா 22. அதன் முதல் எழுத்து வடமொழிக் க-வர்க்கத்தின் இரண்டாவது 'க', அடிவயிற்றிலிருந்து மூச்சோடு வருவது. அதற்கு மதிப்பு இரண்டு. தமிழில் நாலு ஒலிக்கும் ஒரே 'க' என்பதால் எழுத்தைப் பார்த்தால் தெரியாது. அவனை எதிரே உட்கார வைத்து இரண்டு பெயரையும் நாலைந்து தரம் சொல்லிக் காட்டினேன். அப்புறம் அவனுக்குத் தப்பே வந்ததில்லை. இதை அப்படியே ஒரு கேள்வியாக வைக்கலாம். பெயரை நடத்துபவர் சரியாக உச்சரித்து, "இந்த உச்சரிப்பை வைத்து எண்ணைச் சொல்லுங்கள்" என்றால் போதும். ஆனால் அதற்கு நடத்துபவருக்கு முன்கூட்டியே யாராவது உச்சரிப்பைச் சொல்லித் தரவேண்டும்.

சினிமாவோடு கலந்து கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "மரி மரி நின்னே எந்த ராகம்?" என்று ஒரு நிகழ்ச்சியில் கேட்டார்கள். தியாகராஜர் கீர்த்தனையாக அது காம்போதி. 1985-இல் வந்த சிந்து பைரவி படத்தில் இளையராஜா அதே சாகித்தியத்தை, அதாவது பாட்டின் வரிகளை, சாரமதியில் அமைத்தார். இரண்டு பதிலும் சரி. எதைக் கேட்கிறோம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் தீர்ந்தது. அதைவிட, முதலில் காம்போதியில் ஒருவர் ஒரு வரி பாடி, பிறகு சாரமதியில் அதே வரியைப் பாடி, "இவற்றில் எது தியாகராஜர் காலத்திலிருந்து வருவது?" என்று கேட்டிருந்தால் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் சோபாவின் முனைக்கு வந்திருப்பார்கள். ராகம் மாறினால் அதே வார்த்தைக்கு முகமே மாறிவிடுகிறது என்பது ராகத்தின் பெயர் தெரியாதவருக்கும் அன்றைக்குப் புரிந்திருக்கும்.

வெளிநாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய யுனிவர்சிட்டி சேலஞ்ச் நிகழ்ச்சியில் மாணவர்கள் ஒலித்துண்டைக் கேட்டு இயற்றியவர் பெயரைச் சொல்லும் சுற்று வழக்கமாக உண்டு. பிபிசியில் ஃபேஸ் த மியூசிக் என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. ஜோசப் கூப்பர் என்ற பியானோக் கலைஞர் நடத்தினார். அதில் ஒரு சுற்றில் ஓசை எழுப்பாத விசைப்பலகையில் அவர் வாசிப்பார். விரல்கள் போகிற போக்கைப் பார்த்தே அது எந்தப் பாட்டு என்று எதிரில் இருப்பவர்கள் சொல்லவேண்டும். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்ச நேரம் கழித்து இசை மெல்ல எழும்பும்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே தாளம்தான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்குப் பியானோ வேண்டியிருந்தது, நமக்குத் தொடையும் கையும் போதும். நம் தாளம் கண்ணால் பார்க்கக்கூடியது. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கையைப் படம் பிடியுங்கள், ஒலியை அணைத்துவிடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். இது எளிய கேள்வி, முதல் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசிச் சுற்றுக்கு இன்னொரு கையைக் காட்டுங்கள்: தட்டு, அதன்பின் சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரல் வரை நான்கு விரலும் எண்ணப்படுகின்றன. மறுபடி அதேபோல் ஐந்து. பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஐந்தும் ஐந்தும் இரண்டும் இரண்டும் பதினான்கு. கண்ட ஜாதி அட தாளம். பைரவியில் "விரிபோணி" வர்ணம் படித்த ஒவ்வொரு பிள்ளையின் கையும் தானாக அசையும். பதில் தெரியாதவர்களும் வீட்டில் உட்கார்ந்தபடி தொடையில் போட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு வீடே தாளம் போடும் என்றால் நான் ஒரு வருடம் வகுப்பெடுத்ததற்குச் சமம்.

கேள்வி வைப்பது எங்கள் கலைக்குப் புதிதும் அல்ல. முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-இல் மறைந்தவர். அவர் பல கீர்த்தனைகளில் ராகத்தின் பெயரைச் சாகித்தியத்துக்குள்ளேயே, பொருள் கெடாமல், பொதிந்து வைத்தார். ஹிந்தோளத்தில் "நீரஜாக்ஷி காமாக்ஷி" பாடிக்கொண்டே வந்தால் சரணத்தில் "கௌரி ஹிந்தோள த்யுதி" என்று வரும். கேதாரத்தில் சிதம்பரத்து நடராஜரைப் பாடும் "ஆனந்த நடன ப்ரகாசம்" கீர்த்தனையில் "ஸ்ரீ கேதாராதி க்ஷேத்ராதாரம்" என்று வரும், தலத்தின் பெயரும் ராகத்தின் பெயரும் ஒன்றாகி நிற்கும். இந்த வரியைப் பாடவிட்டு, "ராகத்தின் பெயர் இதிலேயே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். சங்கீதமே தெரியாத ஒருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் பதில் சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான கேள்வி இல்லை.

இன்னொன்று. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டை வயலினில் இருபது விநாடி வாசிக்கச் சொல்லுங்கள். "இந்த மெட்டுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதிய வாக்கேயக்காரர் யார்?" என்று கேளுங்கள். நான்கு பெயரைப் பார்த்ததும் அரங்கமே திகைக்கும். அதுவும் தீக்ஷிதர்தான். பாட்டு "ஸந்ததம் பாஹிமாம் ஸங்கீத ச்யாமளே". கோட்டையில் வெள்ளைக்காரர்களின் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவர் செய்த நோட்டுஸ்வரங்களில் ஒன்று. எங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் நோட்டுஸ்வரங்களைத்தான் சந்தோஷமாகப் பாடுவார்கள்.

அடுத்தது, யாருடைய சங்கீதத்தைக் கேட்கிறீர்கள் என்பது. இசைக் கேள்வி என்றாலே சென்னை சபாவும், தியாகராஜர், தீக்ஷிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்தியும்தான் என்றாகிவிட்டது. மும்மூர்த்திகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, அவர்கள் கீர்த்தனைகளைப் பாடித்தான் நான் சோறு சாப்பிட்டேன். ஆனால் சீர்காழி மூவர் என்று வேறு ஒரு மூவர் இருந்தார்கள்: முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை. அவர்களில் கவிராயரின் இராம நாடகத்தைப் பற்றியாவது ஒரு கேள்வி வந்திருக்கிறதா என்று என் நோட்டில் தேடினேன், இல்லை. 72 மேளத்திலும் தமிழிலேயே கீர்த்தனை செய்த கோடீஸ்வர ஐயர் வரவில்லை. ஓதுவார்கள் வரவில்லை. மேகராகக்குறிஞ்சி என்ற தேவாரப் பண்ணை இன்று, தாலாட்டு ராகமான நீலாம்பரியில் பாடுகிறார்கள். ஒரு ஓதுவாரை அழைத்து ஒரு பதிகத்தில் இரண்டு வரி பாடச் சொல்லி, "இந்தப் பண்ணுக்கு இன்று வழங்கும் ராகப் பெயர் என்ன?" என்று கேட்டால், தொட்டிலில் பிள்ளையை ஆட்டிய எந்தத் தாய்க்கும் அந்தச் சாயல் பிடிபடும்.

நாதஸ்வரத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். ராஜரத்தினம் பிள்ளை என்ன வாத்தியம் வாசித்தார் என்று கேட்காதீர்கள். அவருடைய தோடியைப் பதினைந்து விநாடி போட்டுவிட்டு, என்ன ராகம் என்று கேளுங்கள். அல்லது நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு, பின்னால் இடைவிடாமல் ஒலிக்கும் ஒத்து என்ற குழலின் நாதத்தை மட்டும் கேட்கவிட்டு, "கல்யாண வீட்டில் நீங்கள் கேட்ட இந்த ஒலி எதிலிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நரசிங்கன்பேட்டையில் நாதஸ்வரம் கடையும் குடும்பத்துப் பிள்ளை துள்ளி எழுந்து பதில் சொல்லும். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவுக்கும் தெரியும். பெரிய தொகைக்கான கேள்வியாக அதை வையுங்கள்.

பெண்களைப் பற்றிக் கேட்கும்போது விருதையும் ஆண்டையும் தாண்டிப் போங்கள். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பியது யார் என்று கேளுங்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் சொந்தச் சொத்திலிருந்து. அந்தக் காலத்தில் ஆராதனையில் பெண்களைப் பாட விடவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடவைத்தார். பதிலுக்குப் பிறகு நடத்துபவர் பேசும் அரை நிமிடத்தில் இதைச் சொல்லலாம். என் மாணவிகளில் பாதிப் பேருக்கு இது தெரியாமல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது என் வகுப்பின் குறை, நான் இதைத் தாமதமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஒலியைப் போட்டால் உரிமைப் பிரச்சினை வரும், செலவாகும் என்று சொல்வீர்கள். நம் சட்டப்படி இசைத்தட்டுக்கு உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான். 1960-க்கு முன் வெளிவந்த தட்டுகளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் பழைய தட்டுகளும் ராஜரத்தினம் பிள்ளையின் தட்டுகளும் அதில் அடங்கும். தியாகராஜரின் கீர்த்தனைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இன்னும் நல்ல வழி, கலைஞரையே அரங்குக்கு அழைப்பது. எங்கள் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகள் முகூர்த்த நாளில் கல்யாணத்துக்கும் மற்ற நாளில் வேறு கூலி வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், ஒரு வயலின், ஒரு குரல். ஒரு நாள் படப்பிடிப்புக்கு நியாயமான சம்பளம் கொடுத்து நான்கு நிகழ்ச்சிக்குத் தேவையானதை வாசித்து வாங்கிக்கொள்ளலாம். பத்து விநாடி வாசித்தாலும் அந்தப் பிள்ளையின் பெயரைத் திரையில் போடுங்கள்.

வானொலி இதைச் செய்திருக்கிறது. இசைப்பயிற்சி என்ற நிகழ்ச்சியில் வித்வான் ஒரு வரி பாடுவார், மாணவர் திருப்பிப் பாடுவார், வீட்டிலிருந்து நாங்களும் பாடுவோம். என் அம்மா அடுப்படியில் நின்றபடி பாடம் செய்த கீர்த்தனைகள் அப்படி வந்தவைதான். அவர் ஒரு குருவிடமும் போனதில்லை. தொலைக்காட்சிக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. கோடி ரூபாய்க் கேள்விக்காகக் காத்திருக்கும்போது ஒரு குடும்பம் முழுவதும் பேசாமல் இருக்கிறது. அந்த மாதிரி மௌனம் எங்கள் கச்சேரிகளில்கூட எங்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த மௌனத்தில் ஒரு தோடியை வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக, நான் உறுதியாகக் கேட்டுக்கொள்வது ஒன்று. இசைக் கேள்வி ஒவ்வொன்றையும் ஒளிபரப்புக்கு முன் பாடவோ வாசிக்கவோ தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பெரிய வித்வான் வேண்டாம், எந்த ஊர் இசைப்பள்ளி ஆசிரியரும் போதும். சரியான விடை சரிதானா என்று மட்டும் கேட்காதீர்கள். மற்ற மூன்றும் தவறுதானா என்று கேளுங்கள். மோகனத்துக்கு எதிரே கல்யாணியைப் போட்டதை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

என் மாணவியிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்த களைப்பிலும் முழுவதும் கேட்டாள். "டீச்சர், ஒலி வச்சுக் கேக்கறதா இருந்தா நான் போய்ப் பாடிட்டு வரேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். அவளுக்கு ஐந்தரைக் கட்டை சுருதி. முதல் நாள் சொன்னால் பணியை மாற்றிக்கொண்டு வருவாள். கேள்வியைச் சரிபார்க்க நான் கூட வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற குரலிசை ஆசிரியை ஒருத்தி